செத்த மாட்டைச் சொல்ல என்ன கூச்சம்?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பேங்க் கிளார்க், கவிதை எழுதுகிறவன். இருந்தாலும் ஒரு புண்ணைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அடைப்பான் என்று நம்ம பெரியவர்கள் சொன்ன மாட்டு நோய். டாக்டர்கள் ஆந்த்ராக்ஸ் என்பார்கள். மனுசருக்கு அபூர்வம். வந்தால் யாருக்கு வரும்? செத்த மாட்டை இழுக்கிறவனுக்கு, தோல் உரிக்கிறவனுக்கு, அந்தக் கறியை அறுத்துக் கழுவுகிற நம்ம அம்மாவுக்கு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு மில்களில் 19ஆம் நூற்றாண்டில் ஆட்டு ரோமம் பிரித்த தொழிலாளிகள் இதை மூச்சில் இழுத்துச் செத்தார்கள். நம்ம பனியன் பருத்தி நூல், அதில் அந்தப் பயம் வேண்டாம். நமக்கு வந்தால் ஊரிலிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் 'டேய், தோட்டத்துல மாடு செத்துக் கெடக்குது' என்று கூப்பிடுகிறான். திங்கட்கிழமை மறுபடி கம்பெனி.

ஒரு வாரத்துக்குள் கையிலோ முகத்திலோ பூச்சி கடித்த மாதிரி அரிப்பு. பிறகு கொப்புளம். பிறகு நடுவில் கரி மாதிரி கருப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். ஆனால் வலிக்காது. வலிக்காததால்தான் அயர்ன் பெட்டி சுட்டது என்று விட்டுவிடுவோம். வைத்தியம் இல்லாமல் விட்டால் பத்துப் பேரில் ஒருவர் இருவர் சாவார்கள். காலத்தோடு மருந்து எடுத்தால் நூற்றுக்கு ஒருவர்கூடச் சாவதில்லை. மருந்து என்ன, தங்கபஸ்பமா? பெனிசிலின், டாக்சிசைக்ளின் மாதிரி பழைய மருந்துகள். காய்ச்சல், மூச்சுத்திணறல், கடும் தலைவலி சேர்ந்தால் அந்த நிமிசமே பெரியாஸ்பத்திரி.

டாக்டர் இதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கலாம். 'மாடு உரிச்சனுங்க' என்று நாம் சொன்னால்தான் அவருக்குப் பொறி தட்டும். அங்கேதான் நம்ம வாய் அடைத்துக்கொள்கிறது. சாதி தெரிந்துவிடுமே! தோழர்களே, பாலைக் கறந்து குடித்துவிட்டு, செத்ததும் நம்மைக் கூப்பிட்டவன் அல்லவா கூசவேண்டும்?

2021 ஜூலையில் கோவை ஆனைகட்டிப் பக்கம் ஒரு யானை அடைப்பானில் செத்தது. எச்சரிக்கை, பத்திரிகைச் செய்தி எல்லாம் வந்தது. வேண்டியதுதான். நம்மை மாடு இழுக்கக் கூப்பிடும்போது ஒரு கையுறைகூடக் கிடையாது.

திடீரென்று செத்து, மூக்கிலும் பின்புறத்திலும் உறையாத ரத்தம் வடிகிற மாட்டை அறுக்கவே கூடாது. அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு விதை மாதிரி உறை கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்து வருசம் கிடக்கும். கால்நடை டாக்டரைக் கூப்பிடுவது மாட்டுக்காரன் வேலை. குழி வெட்ட ஜேசிபி இருக்கிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். நூறு வருசம் ஆகப்போகிறது.

ஏற்கெனவே தொட்டாயிற்று என்றால், புண் வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கு ஒரு ஷிப்ட் போனால் போகட்டும். ஓ.பி. சீட்டு எழுதுகிறவரிடமே சத்தமாகச் சொல்லுங்கள்: 'செத்த மாட்டைத் தொட்டிருக்கறனுங்க.'