புகைக்குழாயும் மலைப்பாதையும்



திம்புள்ளப் பகுதியிலே, ஹட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் வீதியோரத்து லயன்களில் வாழ்வோர்க்கு ஓர் ஓசை நன்கு பழக்கமானது. ஊர் உறங்கும் வேளையிலே, கார் ஒன்று மலையே அதிரும்படி முழங்கிக்கொண்டு ஏறும். வண்டிக்குரிய இளைஞரை வினவினால், "புதுச் சைலன்சர் போட்டிருக்கிறேன், வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது" என்பார். அவ்விழுவை மெய்தானா? அதற்கென அவர் கடன்பட்டுக் கொடுத்த பணத்துக்கு ஈடான பயன் உண்டா? இவற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

எஞ்சின் மூச்சுவிடும் உயிரை ஒத்தது. காற்றை உள்ளிழுத்து, எரிபொருளோடு கலந்து எரித்து, புகையை வெளியே தள்ளுகின்றது. அவ்வாறு தள்ளுவதற்கும் தன் வலுவிலே சிறிதளவை அது செலவிட வேண்டியிருக்கின்றது. குழாயிலுள்ள தடையைக் குறைத்தால் அச்செலவு குறையும். விற்பனையாளர் கூறும் நியாயம் இதுவே, அந்நியாயம் பொய்யன்று. எவ்வளவு குறையும் என்பதே கேள்வி.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். முழுவலுவோடு ஓடும் சாதாரண பெற்றோல் எஞ்சினிலே, வேலை செய்யும் சராசரி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காகும். புதிய குழாய், புகைவழித் தடையிலே வளிமண்டல அழுத்தத்தின் பத்தில் ஒரு பங்கை நீக்கிவிட்டது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கிடைக்கும் இலாபம் நூற்றில் ஒரு பங்கு. சிலிண்டர் சற்றுச் செவ்வையாக நிரம்புவதால் வரும் பயனையும் சேர்த்தால் இரண்டு அல்லது மூன்று வீதம் எனலாம். அதுவும் எஞ்சின் உச்ச வேகத்திலே சுழலும்போது மாத்திரமே. புகையின் ஓட்டம் பாதியாகக் குறையும்போது குழாயின் தடை ஏறத்தாழக் காற்பங்காகிவிடும். நம் மலைவளைவுகளிலே இரண்டாம் கியரில் நிதானமாக ஏறும் வண்டிக்கு, நீக்குவதற்கென்று பெரிய தடை எதுவும் அங்கே இல்லை.

இனி, மலைநாட்டுக்கே உரிய உண்மையொன்றைக் கூறுகின்றேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலே உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. குளிர் அக்குறையைச் சிறிது ஈடுசெய்யினும், கொழும்பிலே ஓடிய அதே கார் அங்கே தன் வலுவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கை இழக்கும். 1,270 மீற்றர் அளவிலுள்ள ஹட்டனிலே இழப்புப் பத்திலொரு பங்கு இருக்கும். காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ பொருத்திய வண்டிகள் இதற்குப் பெரும்பாலும் விலக்கு. ஆகவே மலையேறும் வண்டி தளர்வது உள்ளே வரும் காற்று மெலிந்திருப்பதால். புகை வெளியேறும் வாயிலை அகலமாக்கினால் உள்ளே வரும் காற்று அடர்த்தியாகிவிடுமா?

அங்ஙனமாயின் புகைக்குழாயால் வலுவே கூடாதோ என்று கேட்பீர்கள். கூடும். கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையிலே வால்ட்டர் காடன் என்னும் பொறியியலாளர், புகையின் அழுத்த அலையையே பயன்படுத்தும் வண்ணம் குழாயை வடிவமைத்து, 1961ஆம் ஆண்டளவில் 125 சி.சி. எஞ்சினிலிருந்து 25 குதிரைவலுவைப் பெற்றார். எனினும் அது இருவீச்சுப் பந்தய எஞ்சின். குழாயும் எஞ்சினும் ஒன்றுக்கென்றே மற்றொன்று அமைக்கப்பட்டவை. 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்திலும், ரதல்லப் பந்தயத்திலும் ஓடுவோர்க்கு நொடியின் பின்னமும் பெறுமதி வாய்ந்தது. அவர்கள் வால்வு, காற்றுவழி, எரிபொருள் ஊட்டம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே மாற்றுவர். மூடிய வீதியிலே ஓட்டுவர். கடைக்குழாயை மட்டும் மாற்றிய குடும்பக் காருக்கு அந்த இலாபம் கிட்டாது.

பின், வண்டி நன்றாக இழுப்பதாகத் தோன்றுவது ஏன்? செவி செய்யும் மயக்கமே அது. ஓசை பெருகினால் வேகமும் பெருகியதாக மனம் நம்பிவிடுகின்றது. ஐயமுள்ளவர் இரண்டு மாதங்கள் எரிபொருட் கணக்கு எழுதிப் பார்க்கட்டும். அல்லது சில்லுகளை உருளைமேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் கருவியிலே, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சோதிக்கட்டும். நச்சுப்புகையைத் தணிக்கும் வினையூக்கிப் பெட்டியையும் கழற்றி எறிபவர்கள், வருடாந்தப் புகைப்பரிசோதனையிலே தவறுவதற்கும் வழி தேடுகின்றார்கள்; அந்த நஞ்சைச் சுவாசிப்பவர்கள் வீதியோரத்துக் குழந்தைகள்.

நேயர்களே, 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதல்லக் குறுக்கு வீதியிலே பஸ் ஒன்றும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதியதில் ஏழு உயிர்கள் பிரிந்தன. அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. ஆயினும் அந்தச் சரிவைக் கண்டவர் ஒன்றை மறவார்: மலைநாட்டிலே ஏறும் வண்டி தாமதமாக வந்தால் தேநீர் ஆறிப்போகும்; இறங்கும் வண்டி நிற்கத் தவறினால் வீடே இருண்டுபோகும்.

ஆதலின், சைலன்சருக்கென எடுத்துவைத்த பணத்தைக் கொண்டு முதலில் பிரேக்கைப் பாருங்கள். தேய்ந்த டயரை மாற்றுங்கள். அடைபட்ட காற்றுவடியைப் புதுப்பியுங்கள். பழைய குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், அதே வகைக் குழாயையே பொருத்துங்கள். விடியுமுன் எழுந்து கொழுந்து மலைக்குச் செல்லவேண்டிய தாய்மாரும் நிம்மதியாக உறங்குவர். உங்கள் வண்டியும் குறைவின்றி மலையேறும்.