ஒரு வரிக்கு ஒரு பெயர்

(கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்பில், பைத்தான் நிரலை இயக்கும் கட்டளையிலேயே சில விவரங்களையும் சேர்த்துத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லித் தருகிறோம். இரண்டு மூன்று விவரங்கள் என்றால் தொல்லையில்லை. இருநூறு பெயர்கள் என்றால்? விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒரு கட்டளை 8191 எழுத்துகளைத் தாண்ட முடியாது. தாண்டாவிட்டாலும் அதை யார் பிழையில்லாமல் அடிப்பது? அதனால் விவரங்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, @ குறியோடு கோப்பின் பெயரை மட்டும் கொடுக்கும் வழக்கம் பல நிரல்களில் உண்டு.

ஆண்டு விழாச் சான்றிதழ்களை அச்சிட நானும் அப்படி ஒன்று எழுதினேன். இடைவெளி வரும் இடமெல்லாம் வெட்டினால் பெயர்கள் பிரிந்துவிடும் என்று நினைத்தேன். நான் சோதித்த நான்கைந்து பெயர்களில் முன்னெழுத்துக்குப் பின் இடைவெளி இல்லை. விழாவன்று காலை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு தாள்களோடு வந்து நின்றாள். ஒன்றில் முன்னெழுத்து மட்டும்; மற்றொன்றில் பெயர் மட்டும். "சார், இதுல எது என்னுது?" என்றாள். தினமும் வருகைப் பதிவேடு எடுக்கும் எனக்கு நம் பிள்ளைகளின் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியாதா? தெரியும். நிரல் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கட்டளை வரியில் இந்தச் சிக்கல் எழாது. பெயரை மேற்கோள் குறிக்குள் அடித்தால் அது ஒரே விவரமாக நிரலுக்கு வந்து சேரும். அந்தக் குறிகளைக் கவனிக்கும் வேலை நாம் பார்க்காமலே நடந்துவிடுகிறது. கோப்பை நாமே திறந்து படிக்கும்போது அந்த உதவி கிடையாது. ஒரு விவரம் எங்கே முடிகிறது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சி மொழித் தொகுப்பியான ஜிசிசி இடைவெளியில்தான் வெட்டுகிறது. இடைவெளியுள்ள விவரத்தை மேற்கோளுக்குள் வைக்கச் சொல்கிறது. பைத்தானின் ஆர்க்பார்ஸ், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, ஒரு வரியை ஒரு விவரமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சரிதான். தொகுப்பிக்கான கோப்பைப் பெரும்பாலும் இன்னொரு நிரல் எழுதும். அது மேற்கோள் குறியை மறக்காது. நம் பட்டியலை அடிப்பவர் வகுப்பாசிரியர். அவரிடம் போய் ஒவ்வொரு பெயருக்கும் மேற்கோள் போடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு வரிக்கு ஒரு பெயர் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கோப்பு அங்கே இல்லாவிட்டால்? ஜிசிசி அந்த @ சொல்லையே சாதாரண விவரமாக எடுத்துக்கொள்ளும். என் நிரல் அப்படிச் செய்தால் '@பெயர்கள்' என்ற மாணவருக்கும் ஒரு சான்றிதழ் வரும்! ஆர்க்பார்ஸ் பிழை சொல்லி நின்றுவிடுகிறது. பள்ளிக்கு அதுவே நல்லது.

திருத்திய நிரலை வகுப்பில் கொடுத்து, "இதை எப்படிக் கெடுக்கலாம், கண்டுபிடியுங்கள்" என்றேன். கடைசி இருக்கை மாணவன் பட்டியலின் நடுவே ஒரு வெற்று வரி விட்டான். அதையும் ஒரு விவரமாகவே எடுத்துக்கொண்டு, பெயரே இல்லாத ஒரு சான்றிதழ் அச்சாகி வந்தது. வெற்று வரியைத் தாண்டிப் போகும் வரிகளை அவனையே எழுத வைத்தேன். இன்றும் அந்த நிரல்தான் ஓடுகிறது.