மார்த்தாளுக்கு ஒன்று, மரியாளுக்கு ஒன்று



யோவான் 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து இயேசுவிடம் ஒரே காரியத்தைத்தான் சொல்கிறார்கள்: அவர் அங்கே இருந்திருந்தால் லாசரு பிழைத்திருப்பான். மார்த்தாளோடு அவர் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசினார். மரியாளின் அழுகையைக் கண்டபோதோ தாமும் அழுதார். அன்பு ஒன்றே, ஆளுக்கேற்றபடி அது வெளிப்பட்டது.

வார்டில் பொறுப்பாயிருக்கிற எனக்கு இது தினமும் வேண்டிய பாடம். புதிதாக வந்த நர்ஸுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி, கூடவே நிற்க வேண்டும். இருபது வருட அனுபவமுள்ளவரிடம் அப்படிச் செய்தால் மனம் நோகும்; வேலையை ஒப்படைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். ஹேண்ட்ஓவரில் பேசாதிருப்பவரை எல்லார் முன்பாகவும் கேட்டால் இன்னும் ஒடுங்கிப்போவார். தனியே கேட்டால், நோயாளியிடம் நாம் கவனியாத மாற்றத்தைச் சொல்வார்.

இது பட்சபாதமல்ல. மருந்து கொடுக்குமுன் சரிபார்க்கும் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். பேசும் விதமே மாறுகிறது. பயந்துபோன நர்ஸ், டோஸ் தவறென்று தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டார். அப்போது பாதிக்கப்படுவது நோயாளி.

நம் பாடகர் குழுவிலும், ஞாயிறு பள்ளியிலும், வீட்டிலும் இப்படித்தான். ஒருவரைத் திருத்தப் போகுமுன், இவருக்கு இப்போது வேண்டியது விளக்கமா, ஆறுதலா என்று ஒரு நிமிடம் யோசிப்போம். அந்த ஞானத்தைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.