வாசலில் என்ன சின்னம் வைப்போம்?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் சங்கத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவாயிற்று. லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு, வாசல் வளைவு, காவலாளிகளின் சட்டை எல்லாவற்றிலும் அதுதான் இருக்கப் போகிறது. மூன்று வரைவுகள் வந்திருக்கின்றன. மூன்றையும் நோட்டீஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்பதால் அதற்கு முன் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். எந்த வரைவை யார் வரைந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் தாராளமாகக் குறை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதல் வரைவு பார்க்க அழகாக இருக்கிறது. நடுவில் கோபுரம், அதன் முன்னால் சிங்கங்கள், சுற்றி வளைவாகச் சங்கத்தின் பெயர். தூரத்தில் இருந்து பார்த்தால் தாலுகா ஆபீஸ் போலவே இருக்கும். அதுதான் அதில் உள்ள கோளாறு. சாரநாத் சிங்கங்கள் 1950 ஜனவரி 26 முதல் இந்திய அரசின் சின்னம். அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமே வந்தது. அரசோடு தொடர்புடையது என்ற எண்ணம் வரும்படி அந்தச் சின்னத்தையோ அதைப்போல் ஒன்றையோ தனியார் போட்டுக்கொண்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2007இல் வந்த விதிகள் இன்னும் கறார். முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. நம்மில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள். பழைய பாசத்தில் சிங்கத்தை வைத்துக்கொள்ள முடியாது. மாநில அரசின் சின்னத்தை வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் பயன்படுத்துவதற்கு எதிராக 1950ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது.

அதற்காக அந்தக் கோபுரத்தை வரைந்தவரை மறந்துவிடக் கூடாது. ஆர். கிருஷ்ணா ராவ், மதுரைக்காரர். 1949 வாக்கில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில் உருவான வடிவம் அது. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று ஊரெல்லாம் சொல்கிறது. இல்லை, மதுரை மேலக் கோபுரம் என்பவர்களும் உண்டு. இந்த வழக்கு ஏன் தீரவில்லை தெரியுமா? அதில் எந்தச் சிற்பத்தையும் அடையாளம் காண முடியாது. தென்பாண்டிக் கோபுரம் என்று பார்த்தவுடன் தெரிகிற அளவுக்கு மட்டும் கோடு இருக்கிறது. ஒரு சின்னத்துக்கு அவ்வளவு போதும். குமுளிக்குப் போய் அந்தப் பக்கத்து அரசுப் பலகைகளைப் பாருங்கள். இரண்டு யானைகள், நடுவில் சங்கு. சங்கு திருவிதாங்கூர் அரசிடமிருந்து வந்தது. ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டாம், எல்லை தாண்டியது தெரிந்துவிடும்.

மாநிலத்துக்குச் சின்னம் இருக்கிறது. சோழனுக்குப் புலியும் பாண்டியனுக்கு மீனும் சேரனுக்கு வில்லும் இருந்தன. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு மீனையும் வில்லையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வென்றவன் என்று காட்டுவதற்காக. ஆனால் சுருளிப்பட்டி போன்ற ஒரு கிராம ஊராட்சிக்குத் தனிச் சின்னம் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆகவே நமக்கு முன்மாதிரி வேண்டுமானால் வெளியே போக வேண்டும். ஊருக்கு ஊர் சின்னமும் கொடியும் வைத்திருப்பவர்கள் ஜெர்மானியர்கள்.

ஜெர்மனியில் 10,000க்கும் மேற்பட்ட ஊராட்சி, நகராட்சிகள் இருக்கின்றன. ஆயிரம் பேர் மட்டும் வாழும் சிற்றூருக்கும் கேடய வடிவில் ஒரு சின்னம் இருக்கும். ஊர் எல்லைப் பலகையிலும் தீயணைப்புக் கொட்டகையிலும் வரி ரசீதிலும் அதைப் பார்க்கலாம். சின்னத்தின் நிறங்களை இரண்டு பட்டைகளாக்கி நடுவில் கேடயத்தை வைத்தால் ஊர்க்கொடி. பழைய நகரங்களுக்கு அது இடைக்காலத்து முத்திரையிலிருந்து வந்தது. சிற்றூர்களில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில், அதிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உட்கார்ந்து பேசி வாக்கெடுத்து வைத்துக்கொண்டவை. அதாவது, நம்மைப் போல.

அந்தக் கேடயங்களைப் படிக்கத் தெரிந்தால் ஊரின் வரலாறு தெரியும். ஆறு ஆரக்கால் வெள்ளைச் சக்கரம் எங்கேயாவது தென்பட்டால், அந்த ஊர் ஒருகாலத்தில் மைன்ஸ் நகரப் பேராயரின் ஆட்சியில் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வெள்ளை நீலச் சாய்கட்டம் இருந்தால் பவேரிய அரச குடும்பத்தின் தொடர்பு. நம்மிடமும் இப்படி ஒன்று இருந்தது. வயல் வரப்பில் சூலம் செதுக்கிய கல் நின்றால் அது சிவன் கோயில் நிலம். சக்கரம் செதுக்கியிருந்தால் பெருமாள் கோயில் நிலம். சூலக்கல், திருவாழிக்கல் என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உழவனுக்கும் அது புரிந்தது. சின்னத்தின் வேலையே அதுதான்.

இப்போது இரண்டாவது வரைவுக்கு வருகிறேன். அதில் சுருளி அருவி இருக்கிறது, மலை இருக்கிறது, தென்னை, நெற்கதிர், திராட்சை, காளை, முல்லைப் பெரியாறு அணை, உதய சூரியன், கீழே நம் மூன்று பிளாக்குகளும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பழனிக்குப் போகிற வேனில்கூட இவ்வளவு பேர் ஏற மாட்டார்கள். ரப்பர் ஸ்டாம்பின் விட்டம் ஒன்றரை அங்குலம். அதில் அருவியும் தென்னையும் ஒரே மசித் துளியாகிவிடும்.

ஜெர்மானியர்களின் கேடய விதிகள் இந்த இடத்தில் உதவும். கேடயச் சின்னம் பிறந்தது 12ஆம் நூற்றாண்டில், போர்க்களத்தில். இரும்புத் தொப்பிக்குள் முகம் தெரியாத வீரனைத் தூரத்தில் இருந்தே நம்மவனா எதிரியா என்று கண்டுகொள்ள வேண்டும். அதனால் கேடயத்தில் எழுத்து வைப்பதில்லை, ஆண்டு எழுதுவதில்லை, இயற்கைக் காட்சி வரைவதில்லை. வயலைக் காட்ட ஒரு கதிர்க்கட்டு, ஆலையைக் காட்ட ஒரு சக்கரம். நிறத்திலும் கறார். பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு இவை நிறம். உலோகத்தின் மேல் உலோகம் வராது, நிறத்தின் மேல் நிறம் வராது. மஞ்சள் மேல் வெள்ளையை வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் காரணம்.

பதினொன்று ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஏ பிளாக் அருவி கேட்டிருக்கும், பி பிளாக் அணை கேட்டிருக்கும், சி பிளாக்கை விட முடியுமா? இதே சிக்கல் அங்கேயும் வந்தது. 1960களின் கடைசியிலும் 1970களிலும் மேற்கு ஜெர்மனியில் சிற்றூர்களைப் பெரிய ஊர்களோடு சேர்த்தார்கள். ஏறத்தாழ 24,000 ஊராட்சிகள் 8,500 ஆகச் சுருங்கின. இணைந்த ஊர்கள் பலவற்றில் ஒவ்வொரு பழைய கேடயத்திலிருந்தும் ஒரு துண்டை எடுத்துப் புதிய கேடயத்தில் ஒட்டினார்கள். நான்கு ஊர், நான்கு கட்டம். யாருக்கும் கோபமில்லை, ஆனால் யாருக்கும் நினைவிலும் நிற்கவில்லை என்பது என் அபிப்பிராயம். வேறு சில ஊர்கள் துண்டுகளை விட்டுவிட்டு, எல்லா ஊர்களிலும் ஓடுகிற ஆற்றை ஒரு அலைக்கோடாகப் போட்டன. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மூன்றாவது வரைவைப் பற்றிப் பேசத்தான் நான் உண்மையில் இங்கே வந்தேன். அதில் படமே இல்லை. கேடயம், மூன்று நிறப் பட்டைகள், அவ்வளவுதான். சுத்தமாக இருக்கிறது, விதிப்படி இருக்கிறது. வரைந்தவர் எந்த எண்ணமும் இல்லாமல் வரைந்திருக்கலாம். ஆனால் போர்டு முன்னால் நின்று இரண்டு பேர் அதைப் பார்த்து, "இது அவங்க கலரு" என்று சொல்லிக்கொண்டு போனதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் பக்கத்தில் நிறம் என்பது வெறும் நிறமில்லை. மாணவர்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே சாதி தெரிகிறது. நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களில் நிற்கும் கட்சி, சாதி, மத அமைப்புக் கொடிக்கம்பங்களை அகற்ற உத்தரவிட்டது. முப்பது வருடம் பள்ளியில் வண்ணப் பெட்டியைக் கையில் வைத்திருந்தவன் நான். பெட்டியில் இருக்கிற வண்ணத்தில் பாதிக்கு இந்த வட்டாரத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

கோபுர்க் என்று ஒரு ஜெர்மன் ஊர். பவேரியாவின் வடக்கே, நாற்பதாயிரம் பேர் வாழும் சிறு நகரம். அதன் கேடயத்தில் பல நூற்றாண்டுகளாகப் புனித மொரீஷியஸின் தலை இருந்தது. கறுப்பின மனிதராக அவரை வரைவது அங்கே வழக்கம். ஊரின் காவல் புனிதர் அவர். 1929இல் அந்த ஊர் மன்றத்தில் நாஜிகள் பெரும்பான்மை பெற்றார்கள். ஜெர்மனியிலேயே அவர்கள் கைக்கு முதலில் வந்த நகரங்களில் ஒன்று. 1934இல் மொரீஷியஸ் தலையை எடுத்துவிட்டு ஒரு வாளை வைத்தார்கள். வாளின் பிடியில் ஸ்வஸ்திகா. ஒரு கட்சியின் அடையாளம் ஊரின் அடையாளமாகிவிட்டது. பதினோரு ஆண்டு அந்த ஊரில் எல்லா ரசீதும் அந்த வாளோடு போயின. 1945இல் போர் முடிந்ததும் மொரீஷியஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றும் சாக்கடை மூடியில்கூட அவர் முகம்தான்.

நம் மூன்று பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். அளவில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வாசல் வளைவுக்கு உள்ளே வாடகைக்கு வரும் ஒரு குடும்பம், மேலே பார்த்துவிட்டு "இது நமக்கான இடம் இல்லை போல" என்று நினைத்தால், அந்தச் சின்னத்துக்கு நாம் கொடுத்த பணம் வீண். அதனால் என் வாக்கு மூன்றாவதுக்கு இல்லை. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

மூன்றையும் வேண்டாம் என்றால் நாலாவது எங்கே என்று கேட்பீர்கள். ஜெர்மானியர்களிடம் 'பேசும் கேடயம்' என்று ஒரு வகை உண்டு. ஊரின் பெயரையே படமாக்குவது. பெர்லினுக்குக் கரடி. அவர்கள் மொழியில் கரடிக்குப் பெயர் 'பேர்'. பெயரின் உண்மையான வேர் சதுப்பு நிலம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள், ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கரடி போதும். மியூனிக் என்றால் துறவிகள் இருந்த இடம். அதனால் அதன் சின்னத்தில் ஒரு துறவி. நம் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சுருளிப்பட்டி. காதில் என்ன விழுகிறது? சுருள்.

ஒரே ஒரு சுருள் வரைந்தால் அருவிக்கு அடியில் சுழலும் தண்ணீர் என்று சிலர் சொல்வார்கள். திராட்சைப் பந்தலில் கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் பற்றுக்கம்பி என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, ஆண்டு முழுக்க வெட்டுகிறோமே, அந்தக் கொடியில் தினமும் பார்க்கிற சுருள்தான். இந்தத் திராட்சைக்கு வெளியூர்ப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்க் ஜெர்மனியின் துறைமுக நகரம், அதன் கேடயத்தில் மூன்று கோபுரங்களோடு ஒரு கோட்டை. நம் முதல் வரைவுக்காரருக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். குலையை வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் திராட்சைக் குலை போட்ட கேடயம் ஜெர்மனியின் மது ஊர்களில் கணக்கில்லாமல் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கிலும் காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி எல்லாருக்கும் குலை பொது. சுருள் நமக்கு மட்டும்தான் பெயரோடு ஒட்டுகிறது. நீல ஸ்டாம்பு மையில் நீலமாக, ஜெராக்ஸில் கறுப்பாக, சட்டையில் தையல்காரர் கையில் இருக்கும் நூலில். நிறத்தைப் பற்றி யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

கொடியும் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. நம் ஊரில் கொடி என்றால் பந்தலில் படர்வதுதான், அது போதும். ஆனால் முடிவு உங்களுடையது. வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் தேசியக் கொடி ஏற்றுகிற கம்பத்தில் வேறு கொடியைச் சேர்த்துக் கட்டக் கூடாது, அதைவிட உயரத்திலோ அதன் பக்கத்தில் சமமாகவோ இன்னொரு கொடி பறக்கக் கூடாது. கொடி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கேடயக் கலையில் படத்தைவிட வர்ணனைதான் முக்கியம். "சிவப்பில் ஆறு ஆரக்கால் வெள்ளிச் சக்கரம்" என்று ஒரு வாக்கியம் பதிவாகியிருக்கும். எந்த ஓவியர் எப்படி வரைந்தாலும் வாக்கியத்தை மீறாதவரை அதே சின்னம். நாமும் மினிட் புத்தகத்தில் ஒரு வாக்கியமாக எழுதிவிடலாம். நாளைக்கு அச்சகம் மாறினாலும் தலைவர் மாறினாலும் யாரும் இதழையும் சூரியனையும் சேர்க்க முடியாது. நான் எழுதிப் பார்த்தது இது: "வெற்றுத் தரையில், இடமிருந்து வலமாக உள்நோக்கிச் சுருளும் ஒற்றைக் கோடு, இரண்டரைச் சுற்று." சுற்றைக் கூட்டவோ குறைக்கவோ நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள்.

சுருளையும் மற்ற மூன்று வரைவுகளையும் ஸ்டாம்பு அளவில் சின்னதாக அச்சிட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மோட்டார் ரூம் வாசலில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து பாருங்கள். எது தெரிகிறதோ அதற்குப் போடுங்கள்.