நெஞ்சில் கோத்த நீரும் நேரில் காணும் நெறியும்



காசம் என்னும் சொல்லுக்கு இருமல் என்பது பொருள். அப்பெயரே மக்கள் உள்ளத்தில் ஒரு பிழையான எண்ணத்தை ஊன்றிவிட்டது. சளியில் கிருமி காணப்படாவிடில் காசநோய் இல்லை என்றே பலரும் கருதுகின்றனர். ஆயின், சளியின்றி, நெஞ்சில் நீர் கோத்தலாகவே வெளிப்படும் காசநோய் ஒன்றுண்டு.

‘நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது’ என்பது உலகவழக்கு. உண்மையில் அந்நீர் நுரையீரலுக்குள் சேர்வதன்று. நுரையீரலைப் போர்த்தியுள்ள மெல்லுறை ஒன்று. விலாவின் உட்புறத்தை ஒட்டியுள்ள உறை மற்றொன்று. இவ்விரண்டும் உராயாவண்ணம் இடையே சிறிதளவு நீர் இயல்பாகவே உண்டு. காசக்கிருமியின் கூறுகள் அவ்விடைவெளியை அடையுங்கால், உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழுந்து அழற்சியை உண்டாக்க, நீர் பெருகுகிறது. காய்ச்சல், மூச்சிழுக்கையில் விலாவில் குத்தல், வறட்டிருமல், மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகள்.

நோயறிதலின் இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. நீர் மிகுவது பெரிதும் உடலின் எதிர்வினையால் ஆதலின், அந்நீரில் கிருமிகள் மிகச் சிலவே. ஊசியால் எடுத்த நீரை நுண்ணோக்கியில் நோக்கினால், நூற்றுவருள் பதின்மர்க்கும் குறைவானோரிடமே கிருமி புலப்படும். ஆகவே மருத்துவர்கள் நீரிலுள்ள புரதத்தையும், வெள்ளணுக்களின் வகையையும், அடினோசின் டீஅமினேஸ் என்னும் நொதியின் அளவையும் கணிப்பர். காசம் மிகுந்த நாடுகளில், இளம் வயதினர்க்கு இவையே பெரும்பாலும் போதுமானவை. முதியோரிடத்திலோ புற்றுநோயும் இவ்வாறே நீர் கோக்கச் செய்யும். ஐயம் தீராதவிடத்து நேரில் காண்பதே நெறி.

அந்நெறிக்கு வழிகோலியவர் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகர மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயுஸ். சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காண அமைந்த குழல்நோக்கியை விலாவிடை வழியே செலுத்தி, நீரை வடித்துக் காற்றைப் புகுத்தி, உறையை நேரில் கண்ட செய்தியை அவர் 1910-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இன்று தோராக்கோஸ்கோப்பி எனப்படும் இம்முறையில், நோயாளரை நலமுள்ள பக்கமாகச் சாய்த்துப் படுக்கச் செய்து, விலாவிடையை ஊசியால் மரத்துப்போகச் செய்து, சிறு துளையிட்டுக் குழலைச் செலுத்துவர். காசமாயின் உறை சிவந்து தடித்திருக்கும்; அதன்மேல் சவ்வரிசி மணிகளைப் போன்ற வெண்ணிறச் சிறுமுடிச்சுகள் பரந்து கிடக்கும். ஆயினும் கண்ட காட்சி மட்டுமே முடிபாகாது. புற்றும் முடிச்சாகத் தோன்றுதல் கூடும். எனவே அவ்விடத்துத் திசுவைக் கிள்ளியெடுத்து ஆய்வுக்கு அனுப்புவர். வெளியிலிருந்தே ஊசியால் திசு எடுக்கும் பழைய முறையில் நோயற்ற பகுதியே சிக்குதலும் உண்டு. கண்டு எடுக்கும் இம்முறையிலோ தவறுதல் மிக அரிது. அத்திசுவில் கிருமியை வளர்த்துப் பார்த்தால், அது எம்மருந்துக்குப் பணியும், எதற்குப் பணியாது என்பதும் தெளிவாகும். பின்னர் எஞ்சிய நீரும் காற்றும் வெளியேற, வடிகுழாய் ஒன்றைச் சின்னாள் பொருத்தி வைப்பர்.

இத்துணை முயன்று நோயறிதல் எதற்கு எனில், இந்நீர் மருந்தின்றியும் சில மாதங்களில் வற்றிவிடக்கூடும் என்பதே காரணம். வற்றியது நீரேயன்றி நோயன்று. இவ்வாறு நீர் கோத்த அமெரிக்கப் படையினர் 141 பேரைப் பல்லாண்டு கண்காணித்து, 1955-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காசத்துக்கான மருந்து பெறாத அவர்களுள் 65 விழுக்காட்டினர்க்குப் பின்னாளில் காசநோய் முனைந்தெழுந்தது. அந்நாளில் தக்க மருந்து இல்லை; இந்நாளில் உண்டு. முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்கள் அவற்றுட் சில என, வழக்கமான சிகிச்சை 6 மாதங்களில் நிறைவெய்தும்.

நீர் வடிந்ததும் மூச்சு எளிதாகும், காய்ச்சலும் தணியும். அந்நிலையில் மருந்தை நிறுத்துவதே பெருங்கேடு. திருமணப் பேச்சுக்கு அஞ்சி நோயை மறைக்கும் இல்லங்களும் உள. மறைப்பதால் மானம் காக்கப்படுவதில்லை; நோயே காக்கப்படுகிறது. நீரைச் சோதிக்கவும், வேண்டுமிடத்து உள்நோக்கிப் பார்க்கவும் மருத்துவர் கூறின், தயங்காது இசைக. தொடங்கிய மருந்தை இறுதிநாள் வரை உண்பித்தல் இல்லத்தார் கடன்.