வைரஸ் என்றால் விஷம்



வெண்டைச் செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துச் சிறுத்துப் போவதைப் பார்த்திருப்பீங்க. 'இது வைரஸ் நோய்' என்று தோட்டக்கலை அலுவலர் சொல்லியிருப்பார். அந்த வைரஸ் என்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? அது தெரிந்தால், எந்தச் செலவு வீண் என்பதும் தெரிந்துவிடும்.

வைரஸ் என்பது லத்தீன் மொழிச் சொல். விஷம் என்று பொருள். நோய்க் கிருமிகளைப் பற்றித் தெரியாத காலத்தில், நோயை உண்டாக்கும் ஏதோ ஒரு விஷம் என்ற அர்த்தத்தில்தான் ஐரோப்பிய வைத்தியர்கள் இதைச் சொன்னார்கள்.

இந்தச் சொல்லுக்கு இப்போதுள்ள பொருள் புகையிலைச் செடியால் வந்தது. 1892-ஆம் ஆண்டு ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி என்பவர், தேமல் கண்ட புகையிலையின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா அந்த வடிகட்டியைத் தாண்டாது. ஆனாலும் வடித்த சாறு பட்ட நல்ல செடிக்கு நோய் வந்தது. 1898-இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜெரிங்க், இது வெறும் விஷம் இல்லை என்று கண்டார். விஷம் என்றால் செடிக்குச் செடி மாற்றும்போது வீரியம் குறையணும். இதுவோ குறையவில்லை; உயிருள்ள செடிக்குள்ளே பெருகியது. அதற்கு வைரஸ் என்ற பழைய பெயரையே அவர் வழங்கினார். தமிழில் நச்சுயிரி என்கிறோம்.

இதில் நமக்கு என்ன பாடம்? நச்சுயிரி செடியின் உயிரணுவுக்குள்ளே இருந்து பெருகுகிறது. அதனால் பூசணக்கொல்லி தெளித்தாலும் சரி, உரத்தைக் கூட்டினாலும் சரி, நோய் கண்ட செடி குணமாகாது. காசுதான் வீண்.

வெண்டையில் இந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. நோய்ச் செடியில் சாறு உறிஞ்சிய ஈ, அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோகும். ஆகவே நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி எரித்துவிடுங்க. வரப்பில் களை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்க. வேப்பங்கொட்டைப் பருப்பு அரை கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்க. கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்க. ஈ தங்குவது அங்கேதான். அடுத்த போகத்துக்கு, நோயைத் தாங்கும் ரகம் எது என்று கேட்டு விதை வாங்குங்க.

பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடியைப் பிடுங்க மனசு வராதுதான். ஆனால் பத்துச் செடிக்காகத் தயங்கினால் வயல் முழுக்கப் பரவிவிடும். முதல் மஞ்சள் இலையைப் பார்த்ததுமே வயலை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்க.