பாடசாலை ஆய்வும் பால்நிலை அடையாளமும்: புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரின் கவனத்திற்கு

(உரையின் எழுத்து வடிவம்)



அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்காகப் பயிலும் மாணவர்கள் விரும்பித் தெரிவுசெய்யக்கூடிய பாடங்களுள் ‘சமூகமும் பண்பாடும்’ என்பதும் ஒன்றாகும். கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றையே படிப்பெனக் கருதிப் பழகிய தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இப்பாடத்தின் பெயர்கூட அறிமுகமில்லை. எனினும், பிள்ளை ஒரு சமூகக் கேள்வியைத் தானே தெரிவுசெய்து, தானே தகவல் திரட்டி, தானே எழுதி முடிக்கவேண்டிய பெரிய ஆய்வொன்று இப்பாடத்தில் அடங்கியுள்ளது.

2013ஆம் ஆண்டின் பாடத்திட்டம் இந்த ஆய்வுக்குத் தெளிவான வரம்புகளை வகுத்தது. முகவுரை 500 சொற்களுக்கு மேற்படக் கூடாது. ஆய்வு நடந்த விதத்தைக் கூறும் பதிவேடும் முடிவுரையும் அவ்வாறே. நடுப்பகுதி 2,500 முதல் 4,000 சொற்கள் வரை அமையலாம். பாடத்தின் பொதுப் பரீட்சைக்குரிய 100 புள்ளிகளில் 40 புள்ளிகள் இந்த ஆய்வுக்கே உரியவை. இவற்றோடு இரு நிபந்தனைகள் உண்டு. ஆய்வு இன்னொரு பண்பாட்டோடு, அல்லது இன்னொரு தலைமுறை, இன்னொரு பால்நிலை போன்ற வேறொரு நிலைப்பாட்டோடு ஒப்பிடப்படவேண்டும். காலத்தால் எது மாறியது, எது மாறவில்லை என்பதும் ஆராயப்படவேண்டும்.

இத்தகைய ஆய்வுக்குப் பால்நிலை அடையாளத்தைத் தலைப்பாகக் கொள்ளும் மாணவர்கள் உளர். தமிழ் வீட்டுப் பிள்ளை ஒன்று அத்தலைப்பை எடுத்துவரும்போது வீட்டில் எழும் முதற் கேள்வி பெரும்பாலும் “வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?” என்பதாகவே இருக்கும். அக்கேள்வியின் பின்னால் அச்சம் உண்டு, அக்கறையும் உண்டு. இரண்டையும் மதித்து, இந்த ஆய்வு எதைக் கற்பிக்கிறது, தமிழ்ச் சமூகம் அதற்கு எவ்வாறு துணைநிற்கலாம் என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலாவதாக, சொற்களின் தெளிவு. ஆய்வில் இறங்கும் மாணவர் முதலில் கற்றுக்கொள்வது நான்கு கருத்துக்களைப் பிரித்தறிவதாகும். பிறப்பின்போது உடற்கூற்றைக் கொண்டு பதியப்படுவது பால். ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் வகுத்தளிக்கும் பங்கு பால்நிலை. ஒருவர் தம்மை உள்ளத்தளவில் யாராக உணர்கிறார் என்பது பால்நிலை அடையாளம். அவர் யார்மீது ஈர்ப்புக் கொள்கிறார் என்பது இவை மூன்றினின்றும் வேறான பாலீர்ப்பு. இவற்றோடு, உடற்கூற்றிலேயே ஆண், பெண் என்னும் இரு வரையறைகளுக்குள்ளும் முழுதாக அடங்காது பிறப்போரும் உளர். வளர்ந்தோர் பலர் இவை யாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டே கருத்துக் கூறுகின்றனர். பதினேழு வயது மாணவர் ஒருவர் இவற்றைப் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டால், அதுவே பெரும் கல்வியாகும்.

இரண்டாவதாக, காலமாற்றம். இதற்குச் சிட்னியிலேயே தக்க சான்று உண்டு. நொரி என்னும் சிட்னிவாசி, பிறப்பு இறப்புப் பதிவில் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ குறிக்காது பதியவேண்டும் எனக் கோரித் தொடுத்த வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2014 ஏப்ரல் 2ஆம் நாள் அந்நீதிமன்றம், பாலினைக் ‘குறிப்பிடப்படாதது’ எனப் பதிவதற்குச் சட்டம் இடமளிக்கிறது எனத் தீர்ப்பளித்தது. பதின்மூன்று நாட்களின் பின், அதே ஏப்ரல் 15ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினராக ஏற்று, தம் பால்நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என அறிவித்தது. இரு நாடுகளின் இரு தீர்ப்புக்களும் ஒரே மாதத்தில் வெளிவந்தன. ஒப்பீட்டு ஆய்வு செய்யும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் வேறு வேண்டியதில்லை.

அவுஸ்திரேலியாவின் பால்வழிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் 2013இல் பால்நிலை அடையாளமும் சேர்க்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸில் பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கு அறுவைச் சிகிச்சை கட்டாயம் என்றிருந்த விதி 2025 யூலை 1 முதல் நீங்கியது. உலக சுகாதார நிறுவனம், 2022 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில், பால்நிலை முரணுணர்வை உளநோய்கள் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்தது. “இது மனநோய்” என வீட்டுக் கூடத்தில் அடித்துச் சொல்லப்படும் கூற்றை மருத்துவ உலகமே கைவிட்டுவிட்டது என்பதை மாணவர் ஆவணம் காட்டி நிறுவலாம்.

மறுபக்கத்தையும் மாணவர் மறைக்கலாகாது. இதே மாநிலத்தில் ஒருபாற் பெற்றோரின் பிள்ளைகள் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பாடநேரத்தில் திரையிடுவது 2015இல் அரசினால் தடுக்கப்பட்டது. பாடசாலைகளில் இத்தகைய மாணவருக்குப் பாதுகாப்பான சூழலை ஏற்படுத்தவென அமைந்த திட்டம் 2016இல் நாடு தழுவிய சர்ச்சையாகி, 2017இல் இம்மாநிலத்தில் முடிவுக்கு வந்தது. பாடசாலைகளில் இவ்விடயம் கற்பிக்கப்படுவதைத் தடுக்கவென 2020இல் கொண்டுவரப்பட்ட சட்டவரைவை 2022இல் அரசு ஏற்க மறுத்தது. ஆகவே இது முடிந்துபோன விவாதமன்று. இரு தரப்பினரின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துரைத்து, எவ்வாதம் எச்சான்றின்மீது நிற்கிறது எனக் காட்டுவதே ஆய்வாளரின் கடமை.

மூன்றாவதாக, பண்பாட்டு ஒப்பீடு. தமிழ்ப் பிள்ளைக்குப் பிறர்க்கில்லாத செல்வம் ஒன்று இங்கு உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொற்களுக்கு இலக்கணம் கூறுகிறது. அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணைக்குரிய விகுதிகளையே அவர்கள் ஏற்பர் என்பது அதன் முடிபு. அத்தகையோரை ஆண்பாற் சொல்லால் சுட்டுதல் பொருந்தாது என்றும் அவ்வியலிலேயே இன்னொரு நூற்பா விதிக்கிறது. அதாவது, திருநங்கை ஒருவரை ‘அது’ என்பவர் பண்பை மட்டுமன்றித் தமிழ் இலக்கணத்தையும் மீறுகிறார். சிலப்பதிகாரத்திலே மாதவி ஆடும் பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடாடலும் ஒன்று. தமிழ்நாட்டின் கூவாகத்திலே, சித்திரையில், அரவானை மணந்து மறுநாள் தாலியறுக்கும் திருநங்கையரின் விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

ஆயினும், “எங்கள் முன்னோர் எல்லாவற்றையும் ஏற்றிருந்தனர்” என்று பெருமை பேசி முடிப்பது ஆய்வாகாது. திருக்குறளின் 614ஆம், 727ஆம் குறள்களில் பேடி என்னும் சொல் ஆற்றலற்ற கைக்கு உவமையாகவே வருகிறது. பிற்காலத்தில் ‘அலி’, ‘ஒன்பது’ என்பன தெருவில் எறியும் கற்களாகவே பயன்பட்டன. இலக்கணத்தில் உயர்திணையாக வைத்த சமூகமே வழக்கில் இழிவுபடுத்தியது. இந்த முரணை ஒளிக்காது எழுதும் மாணவரே பண்பாட்டை உண்மையாக அறிந்தவராவார்.

சொல் மாறிய வரலாறும் இங்கே கவனத்திற்குரியது. தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரலில் நல வாரியம் அமைத்தபோது அதன் பெயரில் ‘அரவாணிகள்’ என்ற சொல்லே இருந்தது. பின்னர் ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்னும் சொற்கள் நிலைபெற்றன. பெற்றோரின் துன்புறுத்தலுக்கும் பொலிசாரின் தொல்லைக்கும் அஞ்சி அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், 2021இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, கண்ணியமான சொற்களின் பட்டியல் ஒன்று 2022இல் தமிழ்நாடு அரசிதழில் வெளியாயிற்று. இலங்கையிலும் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தும் வழி ஏற்பட்டுள்ளது. ஆகவே இது வெள்ளையர் நாட்டுக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட புதுமை என்னும் வாதத்துக்கு இடமில்லை.

நான்காவதாக, ஆய்வு நெறி. பெற்றோர் உண்மையில் கவனஞ்செலுத்த வேண்டிய இடம் இதுவேயாகும். “இது மேல்நாட்டு மோகம் எனக் கருதுகிறீர்களா?” என்று வினவுவது விடையை வினாவுக்குள்ளேயே வைத்துத் தருவதாகும். “இச்சொல்லை முதன்முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள்? அப்போது அதற்கு என்ன பொருள் கொண்டீர்கள்?” என்று வினவினால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பேத்தியாரும், கொழும்பில் படித்த தாயாரும், சிட்னியில் பிறந்த அண்ணனும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருவர். தலைமுறை மாற்றத்துக்கான முதல்நிலைச் சான்று வீட்டுச் சமையலறையிலேயே கிடைத்துவிடும்.

நேர்காணலுக்கு இசைவு பெறுதல், எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமையைக் கூறுதல், பெயரை மறைத்தல் என்பன அடிப்படை விதிகள். ஆனால் சிறிய சமூகத்திலே பெயரை மறைப்பது மட்டும் போதாது. ஊர், படித்த கல்லூரி, வயது ஆகிய மூன்றையும் எழுதினால், “அது இன்னாருடைய பிள்ளையல்லவா?” என்று அடுத்த கோயில் திருவிழாவிலேயே பேச்சு எழுந்துவிடும். தன் அடையாளத்தை இன்னும் வீட்டாருக்கே கூறாத ஓர் இளையவருக்கு அப்பேச்சினால் வீடே இல்லாமற் போகலாம். எனவே, “இவர் அப்படியானவர் போலும்” என்ற ஊகத்தின்பேரில் வகுப்புத் தோழரை அணுகுவது கூடாது. வெளிவந்த தன்வரலாறுகளே போதிய சான்று தரும். ரேவதி திருநங்கையரை நேர்கண்டு தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ ஆகியவை தமிழிலேயே உள்ளன. முதலாவது நூல், நேர்காணல் ஆய்வு எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கே பாடமாகும்.

இனி, பெற்றோரின் அச்சங்கள். “இதைப் படித்தால் பிள்ளை மாறிவிடுமா?” என்பது முதல் அச்சம். போதைப்பொருள் பற்றி ஆராய்ந்த மாணவர் அதற்கு அடிமையாவதில்லை. பௌத்தத்தை ஆராய்ந்த சைவப் பிள்ளை துறவு பூணுவதுமில்லை. தன் அடையாளம் பற்றி ஏற்கெனவே உள்ளத்துள் தவிக்கும் பிள்ளையாயின், அத்தவிப்பு ஆய்வுக்கு முன்பே உள்ளது. ஆய்வு அதற்குச் சொல்லையும் துணிவையும் தருகிறது. தலைப்பைத் தடுப்பதனால் தவிப்பு நீங்குவதில்லை. பிள்ளை அதைப் பெற்றோரிடம் சொல்லாது விடுவதே நேரும்.

“புள்ளி குறையுமா?” என்பது இரண்டாவது அச்சம். மதிப்பீடு தலைப்பின்மீதன்று, முறையின்மீது நிகழ்கிறது. கேள்வியின் கூர்மை, சான்றின் தரம், ஒப்பீட்டின் ஆழம் என்பனவே நோக்கப்படும். “சமூகம் என்ன சொல்லும்?” என்பது மூன்றாவது அச்சம். சமூகம் என்பது இந்த அவையில் அமர்ந்திருப்போரே. அவர்கள் என்ன சொல்லவேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம்.

தமிழ்ப் பாடசாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிட்னியில் வளரும் பிள்ளை இவ்விடயம் பற்றி ஆங்கிலத்தில் நான்காயிரம் சொற்கள் எழுதிவிடுகிறது. அதையே அம்மம்மாவிடம் சொல்ல முற்படும்போது அதற்குத் தெரிந்த தமிழ்ச் சொல் வசைச்சொல் ஒன்றாக மட்டுமே இருக்கிறது. அவ்விடத்திலே உரையாடல் அறுந்துபோகிறது. ‘பால்நிலை அடையாளம்’, ‘திருநங்கை’, ‘திருநம்பி’, ‘திருநர்’ ஆகிய சொற்களை உயர்வகுப்பில் ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம். ஆங்கிலத்திலே ஒருவரை ஆணா பெண்ணா எனச் சுட்டாது குறிப்பிடுவதற்கான சொல்லைப் பற்றிப் பெரும் வாக்குவாதம் நடக்கிறது. தமிழரோ ஆசிரியரையும் மருத்துவரையும் மூத்தோரையும் காலங்காலமாக ‘அவர்’ என்றே அழைத்து வருகின்றனர். மதிப்பும் நடுநிலையும் ஒரே சொல்லில் அமைந்த மொழி இது. இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுவதற்குப் புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை.

பிறந்த மண்ணில் அடையாளத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டு, அடையாள அட்டையை நீட்டிச் சோதனைச் சாவடிகளில் நின்று, அதனாலேயே கடல் கடந்து வந்த சமூகம் இது. “நீ யார் என்பதை நாங்களே தீர்மானிப்போம்” என்று அதிகாரம் சொல்வதன் வலியை அதற்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அதே சொற்களைத் தன் பிள்ளைகளில் ஒருவரை நோக்கி அச்சமூகம் சொல்லலாகாது.

ஆகவே பெற்றோரிடம் கேட்கப்படுவது பெரிதொன்றுமில்லை. பிள்ளை ஆய்வுத் தலைப்பைக் கூறும்போது முகஞ்சுளியாது, “உன் கேள்வி என்ன?” என வினவவேண்டும். நேர்காணலுக்கு அமர்ந்து உண்மையான விடை தரவேண்டும். எழுதி முடித்த பின் அதை வாசிக்கக் கேட்கவேண்டும். ஆசிரியர்கள் சொற்களைத் தரவேண்டும். மாணவர்கள் தம்மை நம்பிப் பேசியவர்களின் பாதுகாப்பைத் தம் புள்ளிகளினும் மேலாகப் பேணவேண்டும்.